டென்ஷன் ஏறும்போது வாசனை எண்ணெய் எப்படி யூஸ் பண்றது, பாட்டில் வாங்கறதுல இருந்து மூக்குகிட்ட கொண்டு போற வரைக்கும்

ஸ்கேன் ரூமுக்கு வெளிய உக்காந்திருக்கேன், இன்னும் ரெண்டு பேர் முடிஞ்சா என் டர்ன், உள்ளங்கை ரெண்டும் ஈரமா இருக்கு, காலு தன்னால ஆடுது, பக்கத்துல இருக்கறவங்க எல்லாரும் என்னையே பாக்கற மாதிரி ஒரு ஃபீலிங் வேற. பாக்கெட்ல இருந்து லிப் பாம் சைஸ்ல ஒரு சின்ன டியூப எடுத்து மூடிய திருகி மூக்குகிட்ட வெச்சு மெதுவா அஞ்சு மூச்சு விட்டேன். பயம் போயிடுச்சான்னு கேட்டா, போகல. ஆனா காலு ஆடறது நின்னுச்சு, மூச்சு நெஞ்சுல முட்டிக்கிட்டு இருந்தது கொஞ்சம் வயித்துக்கு இறங்குச்சு, பேர சொல்லி கூப்பிட்டப்ப எழுந்து போக முடிஞ்சது. பத்துக்கு எட்டா இருந்த பதட்டம் ஒரு அஞ்சுக்கு வந்துச்சுன்னு வெச்சுக்கோங்களேன். இந்த எண்ணெய்ங்ககிட்ட இருந்து நான் எதிர்பார்க்கறது அவ்ளோதான், நீங்களும் அவ்ளோதான் எதிர்பார்க்கணும், அதுக்கு மேல யாராவது சொன்னா அவங்க பாட்டில் விக்கறவங்களா இருக்க சான்ஸ் ஜாஸ்தி.

முதல்லயே ஒண்ண சொல்லிடறேன், ஏன்னா நான் இத புரிஞ்சுக்கறதுக்குள்ள ஒரு வருஷமும் ஒரு டப்பா நிறைய பாட்டிலும் வீணா போச்சு. எண்ணெய் பாதி வேலைதான் பண்ணும், மீதி பாதி நீங்க அந்த வாசனைக்கு உங்க உடம்ப பழக்கறதுல இருக்கு. பெரும்பாலானவங்க பாட்டில வாங்கி ஷெல்ஃப்ல வெச்சுட்டு, பதட்டம் உச்சிக்கு ஏறின அன்னிக்குத்தான் முதல் தடவையா திறந்து மோந்து பாப்பாங்க. அப்ப மூளைக்கு என்ன பதிவாகும்? இந்த வாசனை வந்தா பயம் வரும்னு பதிவாகும். உல்டா ஆயிடும். நிதானமா இருக்கற நாள்ல பழக்கணும், அத எப்படின்னு கீழ விவரமா சொல்றேன்.

மத்த புலன்கள்ல இருந்து வர்ற தகவல் எல்லாம் மூளையில தாலமஸ்னு ஒரு ஜங்ஷன் வழியா போய்த்தான் மேல பிரிஞ்சு போகும், ஆனா வாசனை மட்டும் அந்த ஜங்ஷன்ல நிக்காம மூக்குக்கு மேல இருக்கற ஆல்ஃபாக்டரி பல்ப்ல இருந்து நேரா அமிக்டலாவுக்கு போயிடும், பயம் பதட்டம் எல்லாத்துக்கும் அலாரம் அடிக்கற இடம் அது. ஞாபகத்த வெச்சிருக்கற ஹிப்போகேம்பஸும் அதுக்கு பக்கத்து வீடு. அதனாலதான் ஒரு வாசனை வந்த உடனே, என்ன வாசனைன்னு பேர் சொல்றதுக்கு முன்னாடியே மனசு மாறிடுது. மூக்குல கிட்டத்தட்ட 400 வகை ரிசெப்டர் இருக்கு, அந்த ரிசெப்டர் ஜீன்களை கண்டுபிடிச்சதுக்குத்தான் ரிச்சர்ட் ஆக்ஸலுக்கும் லிண்டா பக்குக்கும் 2004-ல நோபல் குடுத்தாங்க.

சரி, இதுக்கு ஆதாரம் இருக்கான்னா, இருக்கு, ஆனா எல்லா எண்ணெய்க்கும் ஒரே அளவு இல்ல. லாவெண்டருக்குத்தான் ஜாஸ்தி. அதுல லினலூல்னு ஒரு சரக்கு இருக்கு, அத ஜப்பான்ல ககோஷிமா யுனிவர்சிட்டிக்காரங்க எலிகளுக்கு மோந்து பாக்க விட்டாங்க, 2018-ல வந்த ஆராய்ச்சி. எலிங்க பதட்டம் குறைஞ்சுது. மூக்கோட வாசனை நரம்ப வேலை செய்யாம பண்ணின எலிகளுக்கு எதுவுமே ஆகல, அதாவது ரத்தத்துல கலந்து வேலை செய்யல, வாசனையாத்தான் வேலை செஞ்சிருக்கு. பதட்டத்துக்கு குடுக்கற பென்ஸோடயாஸெபீன் மாத்திரைங்க போய் உக்கார்ற அதே ரிசெப்டர அடைச்சுட்டா லாவெண்டர் வேலையும் நின்னு போச்சு. மனுஷங்கள்ல, வியன்னாவுல ஒரு பல் டாக்டர் வெயிட்டிங் ரூம்ல ஆரஞ்சு எண்ணெய் வாசனைய பரவ விட்டு 72 பேர பாத்தாங்க, 2000-ல, அதுல பொம்பளைங்களுக்கு பதட்டம் குறைஞ்சுது, ஆம்பளைங்களுக்கு பெருசா ஒண்ணும் தெரியல. பெரிய அளவுல நடந்தது லாவெண்டர் கேப்ஸ்யூல்ல, 2014-ல 539 பேர், 10 வாரம், டம்மி மாத்திரைய விட நல்லா வேலை செஞ்சுது. ஆனா அது ஜெர்மனியில மருந்தா தயாரிக்கற 80 மில்லிகிராம் அளவு கட்டின கேப்ஸ்யூல், தயாரிக்கற கம்பெனியே ஸ்பான்ஸர் பண்ணின ஆராய்ச்சி, அது வேற, நம்ம கையில இருக்கற பாட்டில் வேற, இத குழப்பிக்கிட்டு பாட்டில் எண்ணெய குடிக்கறவங்க இருக்காங்க, அதுக்கு பின்னாடி வர்றேன். வாசனை ஆராய்ச்சியில இன்னொரு தலைவலி, டம்மி குடுக்கவே முடியாது, லாவெண்டர் வருதா இல்லையான்னு மூக்குக்கு தெரிஞ்சிடுமே.

இப்ப எந்த எண்ணெய் வாங்கறதுன்னு. லிஸ்ட் பாத்து வாங்காதீங்க, மூக்க கேட்டு வாங்குங்க. என் ஃப்ரெண்டு ஒருத்திக்கு லாவெண்டர்னாலே பாத்ரூம் கிளீனர் ஞாபகம்தான் வருமாம், அவளுக்கு லாவெண்டர் குடுத்து ரிலாக்ஸ் ஆகுன்னா எப்படி ஆவா? அவளுக்கு வெட்டிவேர்தான் செட் ஆச்சு. ஆராய்ச்சி லாவெண்டர் பக்கம் இருக்குன்னு உங்களுக்கு குமட்டற வாசனைய பிடிச்சுக்கிட்டு தொங்க வேணாம். மூணு நாலு எண்ணெய தனித்தனியா காகிதத் துண்டுல ஒரு சொட்டு விட்டு, நடுவுல கொஞ்சம் கேப் விட்டு மோந்து பாருங்க, எத மோந்தப்ப தோள் கொஞ்சம் இறங்குதோ அதான் உங்களோடது. ஒரே நேரத்துல நாலுக்கு மேல மோந்தா மூக்கு குழம்பிடும்.

லாவெண்டர்ல ஆரம்பிக்கறது பொதுவா சேஃப். லேபிள்ல லாவெண்டுலா அங்குஸ்டிஃபோலியான்னு போட்டிருக்கணும். லாவெண்டின்னு ஒரு கலப்பினம் உண்டு, லாவெண்டுலா இன்டர்மீடியான்னோ ஹைப்ரிடான்னோ போட்டிருப்பாங்க, அதுல கற்பூர நெடி கூட இருக்கும், சோப்புக்கு ஓகே, மனச அமைதிப்படுத்த அது வேலைக்கு ஆகாது, என் கணக்குல. பெர்கமாட்னா எலுமிச்சையும் பூவும் கலந்த மாதிரி ஒரு வாசனை, இத்தாலியில கலாப்ரியா பக்கம் விளையற பழத்தோட தோல்ல இருந்து எடுக்கறது, ஏர்ல் கிரே டீயில வர்ற வாசனை இதுதான், மனசு கனமா இருந்து கூடவே பதட்டமும் இருக்கறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், ஆனா இதுல ஒரு கண்டம் இருக்கு, அத தனியா சொல்றேன். சந்தனமும் வெட்டிவேரும் கனமான வாசனை, மெதுவா ஆவியாகும், ரொம்ப நேரம் நிக்கும், தலைக்குள்ள எண்ணம் சுத்திக்கிட்டே இருக்கற ராத்திரிக்கு நல்லது. வெட்டிவேர இங்கிலீஷ்லயும் வெட்டிவேர்னுதான் சொல்றாங்க, நம்ம வார்த்தையையே தூக்கிட்டு போயிட்டாங்க. சாமந்தி குடும்பத்துல வர்ற ரோமன் கேமமைல் மென்மையானது, ஆனா அந்த குடும்பத்து பூ அலர்ஜி இருக்கறவங்க தள்ளி இருங்க. யிலாங் யிலாங் பூ வாசனை பிடிக்கும்னா பிடிக்கும், இல்லன்னா மண்டைய பிளந்துடும். நான் ஒரு தடவ ஆர்வக்கோளாறுல டிஃப்யூஸர்ல, அதாவது தண்ணியில எண்ணெய் கலந்து காத்துல பரப்பற மெஷின்ல, 15 சொட்டு விட்டு ரூம் கதவையும் சாத்திட்டு உக்காந்தேன், அரை மணி நேரத்துல தலைய கையில பிடிச்சுக்கிட்டு பால்கனிக்கு ஓடினேன்.

பெப்பர்மின்ட், ரோஸ்மேரி, யூகலிப்டஸ் மூணும் உசுப்பி விடற டைப், தூக்கம் வராம பதட்டத்துல இருக்கறப்ப இதுங்க வேண்டாம். குமட்டலோட வர்ற பதட்டத்துக்கு பெப்பர்மின்ட் சிலருக்கு உதவும், அவ்ளோதான்.

வாங்கறப்ப பாட்டில திருப்பி லேபிள படிங்க. செடியோட லத்தீன் பேர், எந்த பாகத்துல இருந்து எடுத்தது, எந்த நாடு, எப்படி எடுத்தது, பேட்ச் நம்பர், இதெல்லாம் இருக்கணும். வெறும் ஃப்ரேக்ரன்ஸ் ஆயில்னோ பெர்ஃப்யூம் ஆயில்னோ போட்டிருந்தா அது லேப்ல செஞ்ச வாசனை, ரூம் மணக்கும், வேற ஒண்ணும் இல்ல. தெரப்யூட்டிக் கிரேடுன்னு பெருசா போட்டிருந்தா ஏமாறாதீங்க, அப்படி கிரேடு குடுக்கற அரசு அமைப்புன்னு எதுவும் கிடையாது, அது விளம்பர வார்த்தை. நல்ல விக்கறவங்க, எண்ணெய்ல என்னென்ன சரக்கு இருக்குன்னு காட்டற ஜிசி-எம்எஸ் டெஸ்ட் ரிப்போர்ட்ட பேட்ச்வாரியா கேட்டா குடுப்பாங்க. ஒரே கம்பெனியோட லாவெண்டரும் ரோஜாவும் சந்தனமும் ஒரே விலையில இருந்தா அப்படியே வெச்சுட்டு நகர்ந்துடுங்க, ஏன்னா ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு டன் கணக்குல, மூணு நாலு டன் இதழ் வேணும், லாவெண்டர் அப்படி இல்ல, ரெண்டும் ஒரே விலைக்கு வரவே வராது. பாட்டில் கருப்பு பிரவுன் இல்லன்னா நீல கண்ணாடியில இருக்கணும், பிளாஸ்டிக்ல இருந்தா வேண்டாம். முதல்ல 5 மில்லி போதும், நிஜமா போதும்.

இப்ப மெயின் விஷயம், பழக்கறது. ஒரே ஒரு எண்ணெய முடிவு பண்ணுங்க. தினமும் ஒரே நேரத்துல, அதுவும் நீங்க ஓரளவு நிதானமா இருக்கற நேரம், குளிச்சுட்டு வந்து உக்காந்திருக்கறப்பவோ படுக்கறதுக்கு முன்னாடியோ, ஒரு பஞ்சு உருண்டையில ரெண்டு சொட்டு விட்டு மூக்குக்கு ஒரு சாண் தள்ளி பிடிங்க. நாலு எண்ணற வரைக்கும் மூச்ச இழுங்க, ஆறு எண்ணற வரைக்கும் விடுங்க. விடறது நீளமா இருக்கணும், இதுல சமரசம் கிடையாது, ஏன்னா மூச்ச வெளிய விடறப்பதான் இதயத்துடிப்பு இறங்கும், இழுக்கறப்ப ஏறும், உங்க மணிக்கட்டுல கைய வெச்சு பாத்தீங்கன்னா நீங்களே உணரலாம். இப்படி ஒரு அஞ்சு நிமிஷம், முடிஞ்ச உடனே பஞ்ச ஒரு சின்ன டப்பாவுல போட்டு மூடிடுங்க. வாசனை அந்த அஞ்சு நிமிஷத்துக்கு மட்டும்தான் இருக்கணும், நாள் பூரா வீட்டுல மணந்துக்கிட்டே இருந்தா மூளைக்கு அது சுவர் கலர் மாதிரி ஆயிடும், இருக்கறதே தெரியாது. ரெண்டு மூணு வாரம் இத விடாம பண்ணினா வாசனை வந்த உடனே மூச்சு தன்னால நீளறத கவனிப்பீங்க. எனக்கு பதினேழாவது நாள் வாக்குல, பாட்டில் மூடிய திறந்த உடனே எண்ணாமலே மூச்சு மெதுவாச்சு. மணி அடிச்சா நாய்க்கு எச்சில் ஊறுச்சுன்னு பாவ்லோவ் காட்டினாரே அதே கதைதான், நம்ம கேஸ்ல மணிக்கு பதிலா லாவெண்டர்.

இந்த பழக்கம் வர்ற வரைக்கும் அந்த வாசனைய பெரிய பதட்டத்துக்கு கொண்டு போகாதீங்க. சண்டைக்கு நடுவுல, அழுகைக்கு நடுவுல முதல் தடவையா மோந்து பாக்காதீங்க. அப்புறம் சின்ன பதட்டத்துல டெஸ்ட் பண்ணுங்க, ஒரு போன் கால் பேச தயக்கமா இருக்குன்னா அதுக்கு முன்னாடி, மெயில் அனுப்பறதுக்கு முன்னாடி, அந்த மாதிரி. மெதுவா பெருசுக்கு போங்க. நடுநடுவுல நிதானமான நாள் பயிற்சிய விட்டுடாதீங்க, வெறும் பதட்டத்துக்கு மட்டுமே யூஸ் பண்ணிக்கிட்டே போனா கொஞ்ச நாள்ல அந்த வாசனைக்கே பதட்டம் ஒட்டிக்கும், எனக்கு ஒரு தடவ அப்படி ஆகி எண்ணெயையே மாத்த வேண்டியதா போச்சு.

வெளிய கொண்டு போறதுக்கு இன்ஹேலர் டியூப்தான் பெஸ்ட், மூக்கடைப்புக்கு உறிஞ்சறோம்ல அதே மாதிரி காலி டியூப் தனியா கிடைக்கும், உள்ள ஒரு பஞ்சுத் திரி இருக்கும். திரிய ஒரு சின்ன கண்ணாடி கிண்ணத்துல வெச்சு 10ல இருந்து 15 சொட்டு விடுங்க, திரி குடிச்சதும் ட்வீசர்ல எடுத்து (விரலால எடுக்காதீங்க, அந்த விரல கண்ணுல வெச்சுட்டீங்கன்னா அப்புறம் தெரியும்) டியூப்ல நுழைச்சு அடி மூடிய அழுத்தி மூடிடுங்க, அடி மூடி ஒரு தடவ அழுத்திட்டா கழட்டறது கஷ்டம், அதனால எண்ணெய் சரியா விட்டோமான்னு பாத்துட்டு மூடுங்க. மேல ஒரு ஸ்டிக்கர்ல எண்ணெய் பேரும் தேதியும் எழுதி ஒட்டுங்க. மூக்கு துவாரத்துக்குள்ள திணிக்க வேணாம், ஒரு விரல் அகலம் தள்ளி வெச்சாலே போதும். ரெண்டு மூணு மாசம் வாசனை நிக்கும். இதுல உள்ள பெரிய வசதி, பக்கத்துல இருக்கறவங்களுக்கு வாசனை போகாது, பஸ்லயோ ஆபீஸ்லயோ யாருக்கும் தொந்தரவு இல்ல, உங்களுக்கு இதமா இருக்கறது அடுத்தவங்களுக்கு ஆஸ்துமாவ கிளப்பலாம், அத மறக்கக்கூடாது. டியூப் இல்லன்னா கர்ச்சீப் ஓரத்துல ஒரு சொட்டு, ஒண்ணே ஒண்ணு, அதுவும் ஓகே, கறை படியற எண்ணெயா இருந்தா வெள்ள கர்ச்சீப் வேண்டாம்.

தோல்ல தடவறதா இருந்தா எண்ணெய நேரடியா தடவவே கூடாது, நீர்க்கணும், தண்ணியில இல்ல, வேற எண்ணெய்ல. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், பாதாம் எண்ணெய், ஜொஜோபா, எது கைக்கு கிடைக்குதோ அது. கணக்கு ரொம்ப சிம்பிள், ஒரு மில்லின்னா தோராயமா 20 சொட்டு. 10 மில்லி ரோல்-ஆன் பாட்டில்ல 2 சொட்டு விட்டா ஒரு பர்சென்ட், 4 சொட்டு விட்டா ரெண்டு பர்சென்ட். தினமும் தடவறதுக்கு ஒரு பர்சென்ட் போதும், சென்ஸிடிவ் தோலா இருந்தா அதுலயும் பாதி. 30 மில்லி பாட்டில்னா 6 சொட்டு ஒரு பர்சென்ட். ஜாஸ்தி விட்டா ஜாஸ்தி வேலை செய்யும்னு நினைக்காதீங்க, ஜாஸ்தி விட்டா தோல் ஜாஸ்தி எரியும், அவ்ளோதான். கலந்ததும் முழங்கை உள்பக்கம் ஒரு துளி தடவி ஒரு நாள் விட்டு பாருங்க, முடிஞ்சா ரெண்டு நாள், சிவக்கல அரிக்கலன்னா மணிக்கட்டுலயும் கழுத்துலயும் தடவலாம். எரிஞ்சா வெறும் தண்ணி மட்டும் ஊத்தினா பத்தாது, எண்ணெய் தண்ணியில போகாது, சோப்பு போட்டு நல்லா கழுவுங்க.

பெர்கமாட்ல ஒரு கண்டம்னு சொன்னேன்ல, இதான் அது. அதுல பெர்கப்டென்னு ஒண்ணு இருக்கு, தோல்ல இருக்கறப்ப வெயில் பட்டா தீக்காயம் மாதிரி ஆகி கருப்பு திட்டு விழுந்துடும். நான் கழுத்துல தடவிக்கிட்டு மத்தியானம் வெளிய போனேன், ரெண்டு நாள்ல சிவந்துச்சு, அப்புறம் பிரவுன் கலர்ல சொட்டு வழிஞ்ச ஷேப்லயே ஒரு கோடு, ரோல்-ஆன் எந்த வழியா உருண்டுச்சோ அதே வழியா, போக கிட்டத்தட்ட ஆறு மாசம் ஆச்சு. கேக்கறவங்ககிட்ட எல்லாம் செயின் அலர்ஜின்னு சமாளிச்சேன். எஃப்சிஎஃப்னு போட்ட பெர்கமாட்டுல அந்த சரக்க எடுத்திருப்பாங்க, தோலுக்குன்னா அத மட்டும் வாங்குங்க, சாதா பெர்கமாட்ட மோந்து பாக்கறதோட நிறுத்திக்கோங்க. இயந்திரத்துல பிழிஞ்ச எலுமிச்சை லைம் எண்ணெய்க்கும் இதே பிரச்சனை உண்டு, ஸ்வீட் ஆரஞ்சுக்கு அவ்வளவா இல்ல.

டிஃப்யூஸர் வெச்சிருக்கறவங்களுக்கு, 100 மில்லி தண்ணிக்கு 3ல இருந்து 5 சொட்டு, 20 நிமிஷம் இல்லன்னா அரை மணி ஓட விட்டு ஆஃப் பண்ணுங்க, ஜன்னல் ஒண்ணு லேசா திறந்திருக்கட்டும். மூக்கு கொஞ்ச நேரத்துல பழகி வாசனை வரலியேன்னு தோணும், அப்ப சொட்டு கூட்டறதுதான் எல்லாரும் பண்ற தப்பு, ரூமுக்கு வெளிய போயிட்டு திரும்ப வந்து பாருங்க, நல்லாவே மணக்கும். வாரத்துக்கு ஒரு தடவ உள்ள இருக்கற தட்ட ஸ்பிரிட் தொட்ட பஞ்சால துடைங்க, பழைய எண்ணெய் பிசுக்கு படிஞ்சா புதுசு எது விட்டாலும் ஊசிப்போன வாசனை வரும். வெந்நீர் குளியல்ல நேரா சொட்டு விடாதீங்க, அது மேல மிதந்து நேரா உங்க தோல்ல வந்து ஒட்டும், சாதா எண்ணெய்ல கலந்துட்டு விடுங்க. தலகாணி மேலன்னா ஒரு சொட்டு, முகம் படாத ஓரத்துல. அவ்ளோதான்.

குடிக்காதீங்க. தண்ணியில ரெண்டு சொட்டு, நாக்குக்கு அடியில ஒரு சொட்டுன்னு நிறைய பேர் சொல்றாங்க, நீங்க கேக்காதீங்க. பாட்டில்ல இருக்கறது செடியோட சாரம், பல கிலோ செடிய சுண்டின அளவு, வாயையும் தொண்டையையும் எரிக்கும், சிலது லிவர கெடுக்கும். யூகலிப்டஸ் கற்பூரம் மாதிரி எண்ணெய்ங்கள குழந்தை ஒரு சின்ன ஸ்பூன் குடிச்சாலே வலிப்பு வர்ற அளவுக்கு ஆபத்து. பாட்டில மருந்து மாதிரி நினைச்சு பூட்டி வெக்கணும். யாராவது குடிச்சுட்டாங்கன்னா வாந்தி எடுக்க வெக்காதீங்க, எண்ணெய் நுரையீரலுக்குள்ள போயிடும், பாட்டில கையோட எடுத்துக்கிட்டு நேரா எமர்ஜென்ஸிக்கு போங்க.

யாரெல்லாம் ஜாக்கிரதையா இருக்கணும்னா, ரெண்டு வயசுக்குள்ள குழந்தை இருக்கற வீட்டுல பெப்பர்மின்ட் யூகலிப்டஸ் எதுவும் முகத்துகிட்ட வேண்டாம், குழந்தைக்கு மூச்சே தடைபடலாம். கர்ப்பமா இருக்கறவங்க, குறிப்பா முதல் மூணு மாசம், டாக்டர கேக்காம எதுவும் ஆரம்பிக்காதீங்க, கிளாரி சேஜ்னு ஒரு எண்ணெய் இருக்கு, அத தொடவே வேண்டாம். வலிப்பு இருக்கறவங்களுக்கு ரோஸ்மேரி, யூகலிப்டஸ், கற்பூரம் ஆகாது. ஆஸ்துமா இருந்தா டிஃப்யூஸர்ல ஆரம்பிக்காதீங்க, தள்ளி பிடிச்சு ஒரு மூச்சு டெஸ்ட் பண்ணி, நெஞ்சு இறுகுதான்னு பாருங்க. பூனை இருக்கா? அப்ப டிஃப்யூஸர மறந்துடுங்க, பூனையோட லிவரால இந்த சரக்க சரியா உடைச்சு வெளிய தள்ள முடியாது, காத்துல பறக்கற துளி ரோமத்துல படிஞ்சு அது நக்கறப்ப உள்ள போயிடும், டீ ட்ரீ எல்லாம் அதுக்கு விஷம். பறவை இருக்கற வீட்டுலயும் டிஃப்யூஸர் வேண்டாம். பூனை இருக்கற வீட்டுக்கு மூடி போட்ட இன்ஹேலர் ஒண்ணுதான் வழி.

பேனிக் அட்டாக் வந்துட்டா எப்படின்னு கேப்பாங்க. அது திடீர்னு ஏறி பத்து நிமிஷம் வாக்குல உச்சிக்கு போய் தானா இறங்கும், எண்ணெய் அத நிறுத்தாது. நான் என்ன பண்ணுவேன்னா, மூக்குகிட்ட டியூப வெச்சுட்டு, இது என்ன வாசனை, இனிப்பா, புல் மாதிரியா, கொஞ்சம் கற்பூரம் அடிக்குதா, முதல் மூச்சுல ஒரு மாதிரி ரெண்டாவதுல வேற மாதிரி இருக்கேன்னு மனசுக்குள்ள விவரிச்சுக்கிட்டே இருப்பேன். மனசு செத்துடுவோமோன்னு ஓடறத விட்டுட்டு வாசனைய விவரிக்க திரும்பும், உச்சிய தாண்டற வரைக்கும் பிடிச்சுக்க ஒரு கம்பி மாதிரி அது. வேகமா உறிஞ்சாதீங்க, ஏற்கனவே மூச்சு வேகமா ஓடிக்கிட்டு இருக்கு, இன்னும் வேகமா இழுத்தா தலை சுத்தி விரல் எல்லாம் மரத்துப்போகும். முதல் தடவையா நெஞ்சு வலியோட வந்தா பேனிக்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, டாக்டர் பாத்து சொல்லட்டும்.

பெரும்பாலான நாள் பதட்டம், அதுவும் மாசக்கணக்குல, தூக்கம் சாப்பாடு வேலை எல்லாத்தையும் கெடுக்குதுன்னா எண்ணெய் பாட்டில்ல தேடாதீங்க, அதுக்கு பேசி சரி பண்ற தெரபி இருக்கு, சிபிடின்னு சொல்வாங்க, மாத்திரையும் இருக்கு, ரெண்டுக்கும் லாவெண்டர விட பல மடங்கு ஆதாரம் இருக்கு. மாத்திரை எடுத்துக்கிட்டு இருக்கறவங்க எண்ணெய மோந்து பாக்கறதுல பெருசா சிக்கல் இல்ல, ஆனா எண்ணெய் வேலை செய்யுதேன்னு மாத்திரைய நீங்களா நிறுத்தினீங்கன்னா மோசமா திரும்ப வரும். என் கையில டியூப் இருந்த அதே காலத்துல நான் வாரம் ஒரு நாள் தெரபிஸ்ட்டையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், அவங்கதான் மூச்சு கணக்க சொல்லிக் குடுத்தாங்க, வாசனைய நான் சேத்துக்கிட்டேன்.

பாட்டில வெயில் படாத குளிர்ச்சியான இடத்துல இறுக்கி மூடி வெயுங்க, திறந்த தேதிய எழுதி வெயுங்க. காத்து பட்டு பட்டு பழசான லாவெண்டரும் ஆரஞ்சும் தோலுக்கு அலர்ஜி குடுக்கற பொருளா மாறும், ஆரஞ்சு வகையெல்லாம் ஒரு வருஷத்துல தூக்கிடலாம், லாவெண்டர் ரெண்டு மூணு வருஷம், சந்தனமும் வெட்டிவேரும் அதுக்கு மேலயும் தாங்கும், வெட்டிவேர் பழசாக பழசாக இன்னும் நல்லாவே இருக்கும்.

கடைசியா, போன்ல ஒரு நோட் ஓபன் பண்ணி ஒவ்வொரு தடவையும் மோந்து பாக்கறதுக்கு முன்னாடி பதட்டம் பத்துக்கு எத்தன, அஞ்சு நிமிஷம் கழிச்சு எத்தன, எந்த எண்ணெய், இத மட்டும் ஒரு வரி போடுங்க. மூணு வாரம் கழிச்சு பாத்தா நம்பர் இறங்கவே இல்லன்னா அந்த எண்ணெய யாருக்காவது குடுத்துட்டு அடுத்தத எடுங்க, எல்லாத்துலயும் இறங்கலன்னா உங்களுக்கு வாசனை வழி செட் ஆகல, மூச்சுப் பயிற்சிய மட்டும் வெச்சுக்கோங்க. என் நோட்ல லாவெண்டருக்கு எட்டு அஞ்சு, ஏழு அஞ்சு, ஆறு மூணுன்னு பக்கம் பக்கமா இருக்கு. யிலாங் யிலாங்குக்கு நேரா ஒரே ஒரு வரிதான், நம்பர் கூட இல்ல, தலைவலின்னு மட்டும் எழுதி வெச்சிருக்கேன்.